ஈரம் படாத கை

மார்ச் 3

அன்புள்ள பாப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தைத் தீவன லாரிக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். பில் புத்தகத்துக்குள் வைத்துக் கொண்டுவந்து உன் கையில் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். போனில் பேசக் கூடாதா என்று கேட்பாய். உன் குரல் கேட்டதும் உன் அண்ணன் ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார். அப்புறம் அண்ணனும் தங்கையும் பேசுவீர்கள், நான் டீ போடுவேன். இது அவர் காதில் விழாமல் உன்னிடம் மட்டும் கேட்க வேண்டிய விஷயம்.

இந்தப் பருவத்தின் முதல் முட்டை முழுக்க வெளுத்துப் போய்விட்டது.

எப்போதும்போலத்தான் செய்தேன். முதல் நாள் முட்டை இறங்குவதற்கான ஊசி போட்டோம். மறுநாள் தாய்மீன்களைத் துணியில் சுற்றித் தூக்கி, வயிற்றைத் தடவிச் சட்டியில் முட்டையை எடுத்தேன். கருப்பிடிக்க ஆண் மீனின் பாலை அதில் விட்டு, கோழி இறகால் கலந்து, பொரிப்புத் தொட்டியில் விட்டேன். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் செய்கிற வேலை. நல்ல முட்டை என்றால் மறுநாளே வெந்த ஜவ்வரிசி மாதிரித் தெளிந்து, உள்ளே ஒரு கறுப்புப் புள்ளி தெரியும். இந்தத் தடவை வேகாத ஜவ்வரிசி மாதிரியே கிடந்தது. மூன்றாம் நாள் நாற்றம் எடுத்துவிட்டது. வாளி வாளியாக அள்ளிக் கொட்டினேன்.

நான் சந்தேகப்படுவதைச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. போன வருஷத்திலிருந்து நீ அனுப்புகிற சோதனைத் தீவனத்தைத்தான் எல்லாக் குளத்துக்கும் போடுகிறோம். வளர்ப்புக் குளத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை, மீன் கொழுகொழுவென்று வருகிறது. ஆனால் தாய்மீன் குளத்துக்காவது பழைய மீன்தூள் தீவனத்தை வாங்கலாம் என்று நான் அப்போதே சொன்னேன். உன் அண்ணன் கேட்கவில்லை. "என் தங்கச்சி செஞ்ச தீவனம் வீட்ல இருக்கறப்ப, என் மீனு எதுக்குக் கடைச் சாப்பாடு சாப்பிடணும்?" என்றார். நீ படித்து முடித்துத் தீவன ஆலையில் சேர்ந்த அன்றைக்கு எப்படி நெஞ்சை நிமிர்த்தி நடந்தாரோ, அதே நடையில் ஒவ்வொரு மூட்டையையும் தூக்கிக்கொண்டு போகிறார்.

அதில் என்னதான் கலக்கிறீர்கள்? எனக்குப் புரிகிற மாதிரி எழுது. குஞ்சு கேட்டு வந்தவர்களை அடுத்த வாரம் வாருங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

உன் அண்ணி


மார்ச் 14

அன்புள்ள அண்ணி,

லாரிக்காரர் உங்கள் கடிதத்தைக் கொடுத்தபோது ஏதோ காதல் கடிதம் கொண்டுவந்தவர் மாதிரி அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்துவிட்டுக் கொடுத்தார். என் பிரிவில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

தீவனத்தில் மர்மம் ஒன்றுமில்லை. முன்பு மீன்தூள் போட்ட இடத்தில் இப்போது எண்ணெய் எடுத்தபின் மிஞ்சுகிற புண்ணாக்கு போடுகிறோம். கொஞ்சம் சோயா, நிறையப் பருத்திக்கொட்டை. ஆலையில் என் பெயரே புண்ணாக்கு மேடம்தான். நேரில் மேடம் என்பார்கள், முதுகுக்குப் பின்னால் முதல் பாதியை மட்டும் சொல்வார்கள்.

நீங்கள் மீன்தூள் அரைக்கிற கொட்டகையைப் பார்த்ததில்லை. கடலிலிருந்து விரல் நீளம்கூட இல்லாத குஞ்சுகளை மலைபோலக் கொண்டுவந்து கொட்டுவார்கள். ஒரு மீனை வளர்க்க இத்தனை மீனை அரைக்கிறோமே என்று முதல் நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதை நிறுத்துவதற்குத்தான் இத்தனை பாடு. நம் குளத்தில் மீன் எடை ஏறியதை மேலிடத்தில் காட்டித்தான் இந்த வருஷம் தீவனத்தைக் கடைக்குக் கொண்டுவர ஒப்புதல் வாங்கப்போகிறேன். அதனால் தீவனத்தின் மேல் பழி போடுவதற்கு முன் மற்றதையெல்லாம் பார்த்துவிடுங்கள் அண்ணி.

தண்ணீர் சூடாகியிருக்கலாம். ஊசி மருந்து பழையதாக இருந்திருக்கலாம். எல்லாவற்றையும்விட முக்கியம், கை. முட்டை எடுக்கிறபோது சட்டியிலோ கையிலோ ஒரு சொட்டுத் தண்ணீர் இருந்தாலும் போதும், பால் சேர்வதற்கு முன்னாலேயே முட்டையின் வாய் மூடிக்கொள்ளும். கை ஈரமாக இருந்தால் மொத்தச் சட்டியும் போச்சு. பழகிய வேலையில்தான் இந்தக் கவனம் தவறும்.

அண்ணனுக்கும் ஒரு சீட்டு எழுதி லாரிக்காரரிடம் கொடுத்திருக்கிறேன். முட்டை எடுக்கிறபோது அண்ணியின் கையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. தப்பாக நினைக்க மாட்டீர்களே.

பாப்பா


ஏப்ரல் 5

பாப்பாவுக்கு,

நீ எழுதிய சீட்டை உன் அண்ணன் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டிருக்கிறார். துவைக்கப் போடும்போதுகூட எடுத்து ஜன்னலில் வைத்துவிட்டு, மறுபடி அடுத்த சட்டையில் வைத்துக்கொள்கிறார்.

இரண்டாம் முறை முட்டை எடுத்தபோது என் எதிரில் முக்காலி போட்டு உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தார். ஒவ்வொரு மீனுக்கும் ஒரு துண்டை நீட்டினார். துடைத்தேன். "இன்னொரு தடவை துடை" என்றார். துடைத்தேன். தோல் வறண்டு எரிகிற வரைக்கும் துடைத்தேன். ஈரத்தில் முட்டை கெடும் என்று எனக்குத் தெரியாதா, பாப்பா? நீ பள்ளிக்கூடப் பையோடு குளத்தைச் சுற்றிக்கொண்டிருந்த காலத்தில் நான் இந்தச் சட்டியைப் பிடித்துவிட்டேன்.

அதுவும் வெளுத்துவிட்டது.

கையில் ஈரம் இல்லை என்று கண்ணாலேயே பார்த்துவிட்டார், இனி தீவனத்தை யோசிப்பார் என்று நினைத்தேன். அவர் யோசனை வேறு பக்கம் போய்விட்டது. தொட்டி ஓரத்தில் ரொம்ப நேரம் நின்றுவிட்டு, "உன் கைராசி போயிடுச்சு போலிருக்கு" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். பாவமாகச் சொன்னார்.

என் கைராசிக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததே அவர்தான். குஞ்சு வாங்க வருகிறவர்கள், "அந்தம்மா எடுத்த முட்டையா?" என்று கேட்டுவிட்டுத்தான் டின்னைத் திறப்பார்கள். அப்போதெல்லாம் அவர் மீசைக்குள் சிரிப்பார். இந்த வீட்டில் எனக்கென்று இருந்த பேர் அது ஒன்றுதான். கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் இங்கே ஒரு தொட்டில் கட்டவில்லை. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லாமல் இருந்ததே என் கையில் லட்சம் குஞ்சு பொரிந்ததால்தான். இப்போது முட்டை வெளுத்தது தெரிந்ததும், பக்கத்துக் குளத்துக்காரர் மனைவி என்னிடமே வந்து, "எல்லாத்துக்கும் ஒரு காரணம் இருக்கும்ல" என்று என் வயிற்றைப் பார்த்துக்கொண்டு சொல்லிவிட்டுப் போனாள்.

நான் கேட்ட கேள்விக்கு நீ பதில் சொல்லவில்லை. அந்தப் புண்ணாக்கு தாய்மீனை என்ன செய்யும்? தெரிந்தால் தெரியும் என்று சொல், தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்.

அண்ணி


ஏப்ரல் 22

அன்புள்ள அண்ணி,

இதை எத்தனை முறை எழுதிக் கிழித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

பருத்திக்கொட்டைக்குள் மஞ்சளாக ஒரு நஞ்சு இருக்கிறது. செடி பூச்சிகளிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ள வைத்திருப்பது. சூடாக்கி அரைக்கும்போது பெரும்பகுதி கட்டுப்பட்டுவிடும். மிச்சம் வளர்கிற மீனை ஒன்றும் செய்யாது, அதைத் தின்கிற மனிதரையும் ஒன்றும் செய்யாது. இது எனக்கு நன்றாகத் தெரியும், பலமுறை பார்த்தாகிவிட்டது. ஆனால் நீண்ட நாள் தின்றால் அது உடம்பில் சேரும். ஆணின் பாலைக் கெடுக்கும், பெண்ணின் முட்டையைக் கெடுக்கும் என்று மாட்டுக்கும் கோழிக்கும் எழுதிவைத்திருக்கிறார்கள். மீனுக்கும் அப்படி இருக்கலாம்.

நாங்கள் அதைப் பார்க்கவில்லை, அண்ணி. எங்கள் சோதனையில் மீன் விற்கிற எடைக்கு வந்ததும் பிடித்துத் தராசில் போட்டுச் சந்தைக்கு அனுப்பிவிடுவோம். முட்டை போடுகிற வயதுவரை எந்த மீனையும் உயிரோடு வைத்ததில்லை. வளர்ப்பு மீனுக்கான தீவனம், அதைத் தாய்மீனுக்கு யார் போடப்போகிறார்கள் என்று நினைத்தோம். என் அண்ணன் போடுவார் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். நான் சமைத்தது என்றால் தீய்ந்த சோற்றையும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறவர் அவர்.

ஆனால் இது இன்னும் சந்தேகம்தான், நிரூபணமில்லை. அதனால் ஒரு காரியம் செய்யுங்கள். தாய்மீனில் சில பெண்களையும் சில ஆண்களையும் பிரித்துக் கொட்டகைக்குப் பின்னால் இருக்கிற சிமெண்டுத் தொட்டியில் விடுங்கள். அவற்றுக்கு மட்டும் பழைய மீன்தூள் தீவனம் போடுங்கள். பருவம் முடிவதற்குள் அந்த முட்டை தெளிந்தால் விஷயம் விளங்கிவிடும். அதே கையால்தான் எடுத்தது, முட்டை பொரிந்தது என்றால் அண்ணன் வாயே திறக்க முடியாது.

அதுவரை அண்ணனிடம் தீவனத்தைப் பற்றிப் பேச வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். ஒப்புதல் கூட்டம் நெருங்கிவிட்டது. இப்போது ஒரு வார்த்தை வெளியே போனால் மறுபடி அந்தக் குஞ்சுகளை அரைக்கக் கிளம்பிவிடுவார்கள். எனக்காகக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். அண்ணன் கோபம் தண்ணீரில் போட்ட கோடு, உங்களுக்குத் தெரியாததா.

பாப்பா


ஜூன் 9

பாப்பா,

உன் அண்ணனுக்கு வந்தது கோபமாக இருந்தால் நீ சொன்னபடி அழிந்திருக்கும். இது கோபமில்லை.

நீ சொன்னதைச் செய்தேன். குளத்தில் இட நெருக்கடி என்று சொல்லிச் சிமெண்டுத் தொட்டியில் கொஞ்சத்தைப் பிரித்து விட்டேன். பழைய தீவனம் ஒரு மூட்டை வாங்கி விறகுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். சொந்த வீட்டில் திருடி மாதிரி, அவர் வெளியே போனபிறகு அள்ளிப் போடுகிறேன். வாயையும் திறக்கவில்லை.

நான் பொறுத்திருந்த நேரத்தில் அவர் இன்னொரு பெண்ணைக் கூட்டிவந்துவிட்டார். முட்டை எடுக்கிற வேலைக்கு. பெரிய பண்ணையில் வேலை பார்த்தவளாம், நல்ல ராசியான கையாம், மூன்று பிள்ளைகளாம். பிள்ளைக் கணக்கை எதற்கு என்னிடம் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. அவள் நல்லவள்தான். என் சட்டியை எடுக்கும்போது, "அக்கா, எடுத்துக்கட்டா?" என்று கேட்டுத்தான் எடுத்தாள். என்னைத் துண்டு பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னார். நின்றேன். குளத்து மீனிலிருந்து அவள் எடுத்த முட்டையும் வெளுத்தது. "நீ பக்கத்துல நின்னா அப்படித்தான்" என்றார். இப்போது முட்டை எடுக்கிற அன்றைக்குக் கொட்டகைக்குள்ளேயே நான் போகக் கூடாது.

நிரூபணம் எனக்கு வேண்டாம், பாப்பா. உன் ஒரு வார்த்தை போதும். நான் சொன்னால் அவர் நம்ப மாட்டார், நீ சொன்னால் குளத்தில் நெருப்பு எரிகிறது என்றாலும் வாளியோடு ஓடுவார். உன் சீட்டைத்தான் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். அதே பைக்குள் இன்னொரு சீட்டைப் போடு. தீவனம்தான் காரணம், அண்ணியின் கை இல்லை என்று எழுது. இந்த வீட்டில் நான் மீதி நாளைத் தள்ள வேண்டுமானால் அது வேண்டும்.

உன் கூட்டம் முடிந்துவிட்டதா என்றுகூட நான் கேட்கவில்லை.


ஜூலை 18

என் அண்ணிக்கு,

எழுதிவிட்டேன். இந்தக் கடிதத்தோடு அண்ணனுக்கும் ஒரு கடிதம் வருகிறது. லாரிக்காரர் அவர் கையிலேயே கொடுப்பார். சீட்டு இல்லை, முழுக் கடிதம். என் தீவனம்தான் தாய்மீன்களைக் கெடுத்தது, அண்ணியின் கைக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, கை ஈரம் என்று நான் முதலில் எழுதியது என் தீவனத்தைக் காப்பாற்றிக்கொள்ள அவசரத்தில் எழுதியது என்று உடைத்து எழுதியிருக்கிறேன். அண்ணியிடம் மன்னிப்புக் கேளுங்கள், முதலில் நான் கேட்கிறேன் என்று முடித்திருக்கிறேன்.

கூட்டத்திலும் சொன்னேன். முட்டைச் சோதனை செய்யாமல் கடைக்கு விட வேண்டாம் என்றேன். அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். மூட்டையின் மேல் 'வளர்ப்பு மீனுக்கு மட்டும்' என்று அச்சடிக்க ஒத்துக்கொண்டு, தீவனத்தைக் கடைக்கு விட்டுவிட்டார்கள். என்னை அந்தப் பிரிவிலிருந்து எடுத்துக் கிடங்குக்குப் போட்டிருக்கிறார்கள். மூட்டை ஏறுவதையும் இறங்குவதையும் பார்க்கிற வேலை. இனி முதுகுக்குப் பின்னால் சொல்ல வேண்டியதில்லை, நேரிலேயே புண்ணாக்கு என்கிறார்கள். பரவாயில்லை. முன்பே எழுதியிருந்தால் உங்களுக்கு இந்த அவமானம் வந்திருக்காது. அதை நினைத்தால்தான் தாங்கவில்லை.

சிமெண்டுத் தொட்டி மீன்கள் எப்படி இருக்கின்றன? அவற்றின் முட்டை மட்டும் பொரிந்துவிட்டால் போதும், என் கடிதமும் அதுவும் சேர்ந்து எல்லாவற்றையும் சரிசெய்துவிடும். நீங்கள் மறுபடி சட்டியைப் பிடித்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த வரிக்காகக் காத்திருக்கிறேன்.

உங்கள் பாப்பா


ஆகஸ்டு 27

பாப்பாவுக்கு,

சிமெண்டுத் தொட்டி மீன்களின் முட்டை பொரிந்துவிட்டது.

அவள் எடுத்தாள். நான் வீட்டுக்குள் இருந்தேன். குளத்து மீன் முடிந்ததும், இதையும் ஒரு கை பார்க்கலாம் என்று உன் அண்ணன் தொட்டி மீன்களையும் பிடித்து அவளிடம் கொடுத்திருக்கிறார். மறுநாள் காலையில் வீட்டுக்குள் ஓடிவந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "வந்து பாரு, அத்தனையும் புள்ளி வச்சிருக்கு" என்றார். போய்ப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி இருந்தது. எவ்வளவு நாளாயிற்று அப்படிப் பார்த்து.

எல்லாவற்றையும் அங்கேயே சொன்னேன். இந்த மீன்களைப் பிரித்தது ஏன், பழைய தீவனம் போட்டது யார், மூட்டை எங்கே இருக்கிறது, எல்லாம். விறகை விலக்கிக் காட்டினேன். கேட்டுவிட்டு, "உன் கை படாததால பொரிஞ்சுது. அதை ஒத்துக்க உனக்கு மனசு வரல" என்றார். இத்தனை நாள் அவற்றுக்குச் சாப்பாடு போட்டதே இந்தக் கைதான் என்றேன். அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சரி, நான் கேட்டபடி நீ எப்படியும் அவருக்கு எழுதுவாய் என்று தேற்றிக்கொண்டேன். லாரி வழியில் நின்றுபோய், உன் கடிதம் அதற்கு நாலு நாள் கழித்துத்தான் வந்தது. வாசல் படியில் உட்கார்ந்து படித்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று நினைத்து, இவர் நம்மிடம் மன்னிப்புக் கேட்டால் என்ன சொல்வது என்றுகூட யோசித்துவிட்டேன்.

"பாத்தியா என் தங்கச்சி மனச? உன் பேரு கெடக் கூடாதுன்னு பழியைத் தன் தலையில போட்டுக்கறா. வேலையே போனாலும் பரவால்லன்னு எழுதியிருக்கா. இந்த மனசு யாருக்கு வரும்?" என்றார். கடிதத்தை மடித்து அந்தச் சீட்டோடு சேர்த்துப் பையில் வைத்துக்கொண்டார். அக்கம்பக்கத்தில் படித்துக் காட்டவும் செய்தார். உன்னை எல்லோரும் தெய்வம் என்கிறார்கள்.

உன்மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. முன்னால் எழுதியதை நம்பினார், பின்னால் எழுதியதை நம்பவில்லை. உன்னிடம் குறை இருக்கும் என்பதை மட்டும் அவரால் நம்ப முடியவில்லை, அவ்வளவுதான். நேரில் வந்து சொல்கிறேன் என்று கிளம்பிவிடாதே. வந்தால் இன்னும் கொஞ்சம் அழுவார், இன்னும் கொஞ்சம் உன்னைப் புகழ்வார்.

முட்டை பொரிந்த தாய்மீன்களைத் தொட்டியிலிருந்து எடுத்து மறுபடி குளத்தில் விட்டுவிட்டார். விறகுக்குப் பின்னால் இருந்த மூட்டையை யாருக்கோ கொடுத்துவிட்டார். உன் தீவனம் இப்போது கடையிலேயே கிடைக்கிறது, லாரி நிறைய இறக்கியிருக்கிறார். மூட்டையின் மேல் அச்சடித்ததைக் காட்டினேன். "அது மத்தவங்களுக்கு. நமக்கு இது வீட்டுச் சாப்பாடு" என்றார். அடுத்த பருவத்திலும் முட்டை வெளுக்கும். அப்போது அந்தப் பெண்ணின் கையைப் பார்ப்பார். அவளுக்கு மூன்று பிள்ளைகள் இருப்பதால் ஒருவேளை மறுபடியும் என்னைத்தான் பார்ப்பார்.

முட்டைப் பக்கம் போகக் கூடாது என்றபிறகு எனக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறார். காலையிலும் மாலையிலும் தாய்மீன் குளத்துக்குத் தீவனம் போடுவது. போடாமல் இருந்து பார்த்தேன். பசியில் ஒன்றையொன்று கடித்துக்கொண்டன. அதனால் போடுகிறேன். அதில் என்ன இருக்கிறது என்று தெரிந்தேதான் போடுகிறேன், கூடை கூடையாக.

கையைத் துடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. இந்த வேலைக்கு ஈரம் இருந்தாலும் பரவாயில்லை. என் கை நிழல் தண்ணீரில் விழுந்ததும் எல்லாம் கரை ஓரத்துக்கு வந்து வாயைத் திறந்துகொண்டு நிற்கின்றன.

அண்ணி